அவின்யோனா, ஆர்லா, கார்கசோனா, ப்ரொவானா: பழைய பிரெஞ்சு ஊரும் அதன் விழாவும்

"பாரிஸ் பார்த்தாயிற்று. இன்னும் இரண்டு மூன்று நாள் கையில் இருக்கிறது. கோட்டை, பழைய தேவாலயம் என்று ஏதாவது உள்ள ஓர் ஊருக்குப் போகலாம். திருவிழா சமயமாக இருந்தால் இன்னும் நல்லது. எந்த ஊர்?"

கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. கூடவே வரும் பெயர்களும் ஏறக்குறைய மாறுவதில்லை: அவின்யோன், ஆர்ல், கார்கசோன், ப்ரொவான். நான்குமே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளவை, நான்கிலும் பெரிய விழா நடக்கிறது. படத்தில் எல்லாமே அழகாக இருப்பதால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்புவது இயல்புதான்.

ஆனால் குழப்பம் ஊரில் இல்லை, "விழா சமயமாக இருந்தால் இன்னும் நல்லது" என்ற அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. விழாவும் பழைய கட்டடமும் எல்லா ஊரிலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஓர் ஊரில் விழா வந்தால் பூட்டிக் கிடந்த கட்டடங்கள் திறக்கும். இன்னோர் ஊரில் அதே விழா நீங்கள் பார்க்க வந்த முற்றத்தையே மறைத்துவிடும். அதனால் எந்த ஊர் என்பதையும் எந்த மாதம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், விழாவே இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் போனாலும் அந்த ஊர் பார்க்கத் தகுந்ததா என்பது. இரண்டாவது, விழா நாளில் கட்டடங்களுக்கு என்ன ஆகிறது என்பது. மூன்றாவது மொழி: பிரெஞ்சு தெரியாமல் அந்த விழாவை எவ்வளவு ரசிக்க முடியும்? நான்காவது, டிக்கெட் விலையில் தெரியாத செலவுகள். தங்குமிடம், ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் வழி, கடைசி ரயிலைத் தவறவிட்டால் ஆகும் செலவு எல்லாம் இதில் வரும். ஐந்தாவது உடம்பு. தெற்கு பிரான்ஸில் ஜூலை, ஆகஸ்டு வெயில் 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். வயதான அம்மா அப்பாவோடு கல் பாவிய மேட்டுத் தெருவில் ஏறுவது நம் ஊர் வெயிலுக்குப் பழகியவர்களுக்கும் சிரமம்தான்.

சாப்பாட்டை அளவுகோலாகச் சேர்க்கவில்லை, ஏனென்றால் நான்கு ஊரிலும் நிலைமை ஒன்றுதான். மதியம் இரண்டு மணிக்கு மேல் பெரும்பாலான உணவகங்களில் சமையலறை மூடிவிடும், மறுபடி ஏழு மணிக்குத்தான். சைவம் சாப்பிடுபவர்கள் பையில் ஏதாவது வைத்திருப்பது நல்லது.

## அவின்யோன்: நாடகம் பார்க்கவா, அரண்மனை பார்க்கவா?

1309 முதல் 1377 வரை போப்பாண்டவர்கள் ரோமில் இல்லை, அவின்யோனில் இருந்தார்கள். மொத்தம் ஏழு பேர். ஊர் முதலில் அவர்களுடையதாகக்கூட இல்லை. 1348-இல் ஆறாம் கிளமென்ட், நேப்பிள்ஸ் அரசி ஜொவான்னாவிடமிருந்து 80,000 ஃப்ளோரின் பொற்காசு கொடுத்து அதை விலைக்கு வாங்கினார். அதன் பிறகு பிரெஞ்சுப் புரட்சி வரை அது போப்பின் சொத்து. அவர்கள் கட்டிய அரண்மனை இன்றும் ஊரின் நடுவில் மலைபோல நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அது அரண்மனையைவிடக் கோட்டையாகவே தெரியும்.

உள்ளே போகிறவர்கள் பலர் ஏமாறுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். புரட்சிக்குப் பிறகு 1906 வரை அது படைவீரர் குடியிருப்பாக இருந்தது. மரச்சாமான், திரைச்சீலை எதுவும் மிஞ்சவில்லை, சுவரோவியங்களிலும் பெரும்பகுதி போய்விட்டது. கையில் கொடுக்கும் டேப்லெட்டில் பழைய அலங்காரத்தைப் பார்த்துக்கொண்டே பெரிய பெரிய வெற்று அறைகளில் நடப்பதுதான் அனுபவம். மான் அறை என்று ஒன்று இருக்கிறது. அங்கே வேட்டை, மீன்பிடி என்று தேவாலயத்துக்குச் சம்பந்தமில்லாத ஓவியங்கள் சுவரெல்லாம் மிஞ்சியிருக்கின்றன. டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய அறை அது. பக்கத்தில் ரோன் ஆற்றின் மேல் பாதியில் நிற்கும் சென்-பெனெசே பாலம் இருக்கிறது. 22 வளைவுகளில் எஞ்சியவை 4.

விழா விஷயத்துக்கு வருவோம். 1947-இல் ஜான் விலார் தொடங்கிய அவின்யோன் நாடக விழா ஒவ்வொரு ஜூலையிலும் நடக்கிறது. அதன் முதன்மை அரங்கு அரண்மனையின் பெரிய முற்றமேதான், சுமார் 2,000 பேர் உட்காரலாம். கோடையில் அந்த முற்றம் முழுக்க இரும்பு இருக்கை மேடைகள்தான் இருக்கும். கட்டடக் கலைக்காக வருபவருக்கு இது நஷ்டம். இரவு பத்து மணிக்கு விளக்குகள் அணைந்து, அந்தச் சுவரையே பின்புலமாக வைத்து நாடகம் தொடங்குவதைப் பார்க்க வருபவருக்கு அந்த இரும்பு மேடைதான் நல்ல இடம்.

அதிகாரபூர்வ விழாவுக்கு வெளியே "ஆஃப்" என்ற இன்னொரு விழாவும் அதே நாட்களில் நடக்கும். இது 1966-இல் சிறிதாகத் தொடங்கியது, இன்று அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். பள்ளிக்கூட அறை, கார் கொட்டகை, பழைய சிற்றாலயம் எதுவும் அரங்காகிவிடும். விளக்குக் கம்பம் முழுக்கச் சுவரொட்டி. நடிகர்களே வேஷத்தோடு தெருவில் வந்து துண்டுச்சீட்டு கொடுப்பார்கள், பேச்சும் கொடுப்பார்கள். பிரெஞ்சு தெரியாதவர்களுக்கு இந்தத் தெருக் கூத்தே பாதி விழா. அரங்குக்குள் போவதென்றால் நடனம், சர்க்கஸ், மௌன நாடகம், இசை என்று தேடிப் பிடிக்க வேண்டும். அதிகாரபூர்வ விழாவில் சில நாடகங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வரிகளும் ஓடும். நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. 1985-இல் ஆங்கில நாடக இயக்குநர் பீட்டர் புரூக் மகாபாரதத்தை ஏறத்தாழ ஒன்பது மணி நேர நாடகமாக, பிரெஞ்சு மொழியில், முதன்முதலில் அரங்கேற்றியது இந்த விழாவில்தான். இடம், ஊருக்கு வெளியே பூல்போன் கல்குவாரி. விடிய விடியக் கூத்துப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு ஒன்பது மணி நேரம் பெரிதாகப் படாது.

இனி மறைந்திருக்கும் செலவுகள். ஜூலையில் கோட்டைச் சுவருக்குள் அறை வாடகை தாறுமாறாக ஏறும், ஓரிரவுக்கு மட்டும் தர மறுக்கும் வீடுகளும் உண்டு. அதனால் நீம், ஆர்ல் போன்ற பக்கத்து ஊர்களில் தங்குவார்கள். ஆனால் நாடகம் நள்ளிரவைத் தாண்டி முடியும்போது ரயில் இருக்காது. டாக்ஸிக்குக் கொடுக்கும் பணத்தில் அங்கேயே ஓர் அறை எடுத்திருக்கலாம் என்று தோன்றும். அதிவேக ரயில் நிற்கும் நிலையமும் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து ஐந்து நிமிட இணைப்பு ரயிலில் நகர நிலையத்துக்கு வர வேண்டும். அரங்குகளில் நேரம் கறார். தாமதமாக வந்தால் டிக்கெட் கையில் இருந்தும் வெளியேதான் நிற்க வேண்டும்.

நாடகத்துக்காக என்றால் ஜூலை, அதற்கு மாற்று எதுவும் இல்லை. அரண்மனைக்காக என்றால் ஏப்ரல், மே அல்லது அக்டோபர். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் மிஸ்ட்ரல் என்னும் பலத்த வடகாற்று வீசும் நாட்களில் மட்டும் பாலத்தின் மேல் நிற்பது கஷ்டம்.

## ஆர்ல்: விழா கதவைத் திறந்துவிடும் ஊர்

இந்த நான்கில் எனக்குப் பிடித்தது ஆர்ல்தான், அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமானியர்கள் கட்டிய வட்டரங்கு ஊர் நடுவில் இருக்கிறது, சுமார் 20,000 பேர் உட்காரும் அளவு. இடைக்காலத்தில் மக்கள் அதற்குள்ளேயே இருநூறு வீடு கட்டிக் குடியேறிவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில்தான் அவற்றை இடித்து அரங்கை மீட்டார்கள். இதைத் தவிர ரோமானிய நாடக அரங்கு, நிலத்தடி வளைவுக் கூடம், சென்-த்ரோஃபிம் தேவாலயத்தின் சிற்ப வாசல், அலிஸ்கான் கல்லறைச் சாலை எல்லாம் நடந்தே போகும் தூரம்தான். வான் கோ 1888 பிப்ரவரி முதல் 1889 மே வரை இங்கே இருந்து சுமார் 200 ஓவியம் தீட்டினார். ஆனால் அவற்றில் ஒன்றுகூட ஊருக்குச் சொந்தமில்லை. அவர் பெயரில் உள்ள அறக்கட்டளை அரங்கில் இரவல் வாங்கிக் காட்டுவதுதான். வான் கோவுக்காக மட்டும் வருபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

1970-இல் தொடங்கிய புகைப்பட விழா ஜூலை முதல் வாரவாக்கில் ஆரம்பித்து ஏறக்குறைய செப்டம்பர் இறுதி வரை ஓடும். ஆர்லை மற்ற ஊர்களிலிருந்து பிரிப்பது இந்த நீளம்தான். வழிபாடு நின்றுபோன சென்-ஆன் தேவாலயம், ஃப்ரேர்-ப்ரெஷர் மடத்து ஆலயம் போன்ற இடங்கள் கண்காட்சிக் கூடங்களாகிவிடும். ஒரு சூப்பர்மார்க்கெட்டின் மாடியில்கூடப் படம் மாட்டுவார்கள். ஒரே டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஊரின் பழைய கட்டடங்களுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து வரலாம். மாட்டியிருக்கும் படங்கள் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் கூரையைப் பார்த்துவிட்டு வரலாம். புகைப்படத்துக்கு மொழி அவ்வளவாகத் தேவையில்லை என்பது இன்னொரு வசதி.

தொடக்க வாரத்தில் உலகத்துப் புகைப்படக்காரர்கள் எல்லாரும் அங்கே இருப்பதால் அறை கிடைப்பது கடினம், விலையும் அதிகம். அதே கண்காட்சிகளை செப்டம்பரில் பாதிக் கூட்டத்தில், வெயில் தணிந்த பிறகு பார்க்கலாம். இவ்வளவு நல்ல பேரம் மற்ற மூன்று ஊரிலும் இல்லை.

அடுத்தது காளை. ஆர்லில் ஈஸ்டரின்போதும் செப்டம்பர் நடுவில் நெல் அறுவடையை ஒட்டியும் "ஃபெரியா" நடக்கும். ரோமானிய அரங்கிலேயே ஸ்பானிய முறைக் காளைச் சண்டை நடக்கும், அதில் காளை கொல்லப்படும். பிள்ளைகளோடு போகிறவர்கள் சுவரொட்டியைக் கவனித்துப் படியுங்கள். இதற்கு நேர்மாறாக, அந்தப் பகுதிக்கே உரிய கமார்க் காளை ஓட்டம் என்று ஒன்று இருக்கிறது. வெள்ளை உடை அணிந்த வீரர்கள், காளையின் கொம்புகளுக்கு நடுவே கட்டிய சிறு நாடாவையும் குஞ்சத்தையும் கையில் பிடித்த கொக்கியால் பறிக்க வேண்டும். காளைக்குக் காயம் இல்லை. கால் மணி நேரம் ஆடிவிட்டு மேய்ச்சலுக்குத் திரும்பிவிடும். புகழ்பெற்ற காளைகளின் பெயர்தான் சுவரொட்டியில் பெரிதாக இருக்கும், ஆட்கள் பெயர் அடியில். மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கமே வேண்டாம், ஆட்டம் பாதியில் அவர்களே ஒரு காளைக்குக் கட்சி கட்டிவிடுவார்கள். இதில் பெரிய போட்டியான "தங்க நாடா" ஜூலை முதல் திங்கள்கிழமை இதே வட்டரங்கில் நடக்கிறது.

ஃபெரியா நாட்களில் இரவெல்லாம் தெருவில் இசையும் குடியும் ஓடும். தூக்கம் முக்கியம் என்றால் அந்த வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். சாதாரண சனிக்கிழமை என்றால் லீஸ் சாலையில் நீளமான காலைச் சந்தை இருக்கும். கமார்க் சதுப்பில் விளைந்த அரிசி அங்கே மூட்டை மூட்டையாக விற்கும்.

## கார்கசோன்: பகலில் விட்டுவிட்டு இரவில் பார்க்க வேண்டியது

படத்தில் மயக்குவது இதுதான். இரட்டை மதில், 52 கோபுரம், கூம்புக் கூரை. குழந்தைகளுக்குக் கோட்டை என்றால் என்ன என்று காட்டுவதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

"அசல்" வேண்டும் என்று வருபவர்கள் மட்டும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1209-இல், கத்தோலிக்கத் திருச்சபையை ஏற்காத கத்தார் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு எதிரான சிலுவைப் படை இந்த ஊரைப் பிடித்தது, இளம் பிரபு ராய்மோன்-ரொஜே த்ராங்காவெல் அதே ஆண்டில் இங்கே சிறையிலேயே இறந்தார். 1659-இல் ஸ்பெயினோடு உடன்படிக்கை ஆகி எல்லை தெற்கே நகர்ந்ததும் கோட்டைக்கு வேலை இல்லாமல் போனது. மதில்களுக்கு நடுவே ஏழைகள் குடிசை போட்டார்கள், கல்லைப் பெயர்த்து விற்றார்கள். இடித்துவிடலாம் என்று அரசே நினைத்த நிலையில் உள்ளூர்க்காரர் க்ரோ-மைர்வியேலும் எழுத்தாளர் மெரிமேயும் போராடிக் காப்பாற்றினார்கள். 1853 முதல் கட்டடக் கலைஞர் வியொலே-லெ-துக் பழுதுபார்த்தார். அவர் 1879-இல் இறந்த பிறகும் வேலை 1910 வரை தொடர்ந்தது. அந்தக் கூம்புக் கூரைகளுக்கு அவர் வடக்கத்திப் பாணியில் சிலேட்டுப் பலகை போட்டதைத் தெற்கத்திக்காரர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. ஆகவே நீங்கள் பார்ப்பது 13-ஆம் நூற்றாண்டும் 19-ஆம் நூற்றாண்டும் கலந்தது. எனக்கு அதில் குறை தெரியவில்லை, இடிபாடாக விட்டிருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது.

உண்மையான குறை வேறு. கோடைப் பகலில் கோட்டைக்குள் பொம்மைக் கத்தியும் ஐஸ்கிரீமும் விற்கும் கடைகளுக்கு நடுவே வரிசையாக நகர வேண்டியிருக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் அந்தக் கூட்டம் கரைந்துவிடும். உள்ளே போக நுழைவுக் கட்டணம் கிடையாது. டிக்கெட் பிரபுவின் கோட்டைக்கும் மதில் நடைக்கும்தான், அதிலும் 18 வயதுக்குக் கீழே இலவசம். அதனால் இங்கே ஓரிரவு தங்காமல் போவது வீண். கோட்டைக்குள் உள்ள விடுதிகள் விலை அதிகம், கீழே கட்டமிட்ட தெருக்களோடு உள்ள பஸ்தீத் பகுதியில் தங்குவது மலிவு. ரயில் நிலையமும் மிதி கால்வாயும் அங்கேதான். அங்கிருந்து கோட்டை இரண்டு கிலோமீட்டர், கடைசிப் பகுதி ஏற்றம். பெட்டியை உருட்டிக்கொண்டு ஏறும் யோசனை வேண்டாம்.

விழா ஜூலையில்தான். கோட்டைக்குள்ளேயே தேவாலயத்தை ஒட்டிய திறந்தவெளி அரங்கில் 1908 முதல் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. இப்போது பெரும்பாலும் இசை. எல்லாம் இரவில் என்பதால் பகலில் கோட்டையைப் பார்ப்பதற்கு விழா தடையாக இல்லை. ஜூலை 14 இரவு, கோட்டையே பற்றி எரிவதுபோல ஒரு வாணவேடிக்கை நடக்கும். 1898-இல் தொடங்கிய வழக்கம் இது. பார்ப்பதற்கு டிக்கெட் இல்லை, மொழி வேண்டாம். கோட்டைக்குள் நின்றால் ஒன்றும் தெரியாது, ஓட் ஆற்றின் எதிர்க்கரையில் மாலையிலேயே இடம் பிடிக்க வேண்டும். சாலைகளை மூடிவிடுவார்கள், முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் கிளம்பும். பக்கத்துப் பெருநகரமான துலூஸில் தங்கிக்கொண்டு வாணவேடிக்கைக்கு மட்டும் வந்து திரும்பலாம் என்பது காகிதத்தில்தான் சரியாக வரும்.

## ப்ரொவான்: பாரிஸ் பயண அட்டையிலேயே வந்துபோகும் ஊர்

இது மற்ற மூன்றோடு ஒரே தட்டில் வைக்கக்கூடியது அல்ல. ஆனால் பாரிஸ் புறநகரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருப்பவர்கள் எத்தனையோ பேர், அவர்களுக்குப் பல நேரம் இதுதான் சரியான விடை.

12, 13-ஆம் நூற்றாண்டுகளில் ஷாம்பேன் பிரபுக்களின் பாதுகாப்பில் பெரும் வணிகச் சந்தைகள் நடந்த ஊர் இது. இத்தாலிய வணிகரும் ஃப்ளாண்டர்ஸ் துணி வணிகரும் இங்கே சந்தித்தார்கள். ஊருக்கென்று சொந்த நாணயமும் இருந்தது. பிறகு வணிகம் கடல் வழிக்கு மாறியது, ஊர் தூங்கிப்போனது. தூங்கியதால்தான் மதிலும் சேசர் கோபுரமும் சரக்கு வைத்த நிலவறைகளும் இடிபடாமல் மிஞ்சின. 2001-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

கார் து லெஸ்த் நிலையத்திலிருந்து P வழித்தட ரயில், சுமார் ஒன்றரை மணி நேரம். எல்லா மண்டலங்களுக்குமான நாவிகோ என்ற பாரிஸ் பயண அட்டை வைத்திருந்தால் தனியாக ஒரு காசு கொடுக்க வேண்டாம். அட்டை இல்லாதவர்களுக்கும் 2025 ஜனவரி முதல் பாரிஸ் வட்டாரம் முழுக்க ஒரே விலை, அந்த ஆண்டு 2.50 யூரோ. அறை வேண்டாம், முன்பதிவு வேண்டாம், மழை வந்தால் நாளை போகலாம்.

ஜூனில் ஒரு வார இறுதியில் இடைக்கால விழா நடக்கும். கைவினைஞர், வித்தைக்காரர், குதிரை வீரர் என்று ஊரே வேஷம் கட்டும், பார்க்க வருபவர்களிலும் பாதிப் பேர் அந்தக் காலத்து உடையில் இருப்பார்கள். குழந்தைகள் விடவே மாட்டார்கள். பெரியவர்களுக்கு மதியத்துக்கு மேல் அலுத்துவிடலாம். விழா நாளில் மேட்டிலுள்ள பழைய ஊருக்குள் நுழையவே கட்டணம், ரயிலில் நிற்க இடம் இருக்காது, சுவரைவிடக் கூடாரங்கள்தான் அதிகம் கண்ணில் படும். வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை மதிலடியில் பருந்து வித்தை, குதிரை வீரர் காட்சி தனியாக நடக்கின்றன. விழாவின் சுவையை அதிலேயே பார்த்துவிடலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வார நாட்களில் ஊர் காலியாக இருக்கும், காட்சிகள் இருக்காது. நிலையத்திலிருந்து மேல் ஊருக்கு இருபது நிமிட ஏற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | அவின்யோன் | ஆர்ல் | கார்கசோன் | ப்ரொவான் |
|---|---|---|---|---|
| பாரிஸிலிருந்து | சுமார் 2 மணி 40 நிமிடம் | சுமார் 4 மணி | 5 மணிக்கு மேல் | சுமார் ஒன்றரை மணி |
| விழா | ஜூலை, நாடகம் | ஜூலை–செப்டம்பர், புகைப்படம். ஈஸ்டர், செப்டம்பர் ஃபெரியா | ஜூலை, இசை. 14 இரவு வாணவேடிக்கை | ஜூன், இடைக்கால விழா |
| விழா நாளில் கட்டடம் | முற்றத்தை மறைக்கும் | மூடியதைத் திறக்கும் | பகலில் பாதிப்பில்லை | கூட்டத்தில் மறையும் |
| பிரெஞ்சு தேவையா | பெரும்பாலும் ஆம் | இல்லை | இல்லை | இல்லை |
| கவனிக்காத செலவு | ஜூலை அறை, நள்ளிரவு டாக்ஸி | தொடக்க வார அறை | நீண்ட ரயில், ஓரிரவு தங்கல் | விழா நாள் நுழைவு |

## அப்படியானால் எது?

சிறு பிள்ளைகளோடு, ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ப்ரொவான், அதுவும் விழா இல்லாத ஒரு கோடை நாளில். நாடகத்தில் ஈடுபாடு உண்டு, பிரெஞ்சும் ஓரளவு வரும் என்றால் ஜூலையில் அவின்யோன். அறையை வசந்தத்துக்கு முன்பே பிடித்துவிடுங்கள். துலூஸ் அல்லது பார்சலோனா பக்கம் ஏற்கெனவே போகிறீர்கள் என்றால் கார்கசோன். பாரிஸிலிருந்து அதற்கென்றே போய்வருவது, ஜூலை 14 தவிர, எனக்குச் சரியாகப் படவில்லை. மற்ற எல்லாருக்கும் செப்டம்பரில் ஆர்ல்.

அவின்யோனிலிருந்து ஆர்ல் ரயிலில் இருபது நிமிடம்தான் என்பதால் இரண்டையும் சேர்ப்பது எளிது. செப்டம்பரில் ஆர்லில் இரண்டு இரவு தங்கி, ஒரு பகலை அரண்மனைக்குக் கொடுக்கலாம். அப்போது அரண்மனை முற்றமும் காலியாக இருக்கும். செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில் ஐரோப்பிய பாரம்பரிய நாட்களும் வரும். பிரான்ஸில் 1984-இல் தொடங்கிய ஏற்பாடு இது. சாதாரணமாக உள்ளே விடாத நகரமன்றங்கள், மாளிகைகள், மடங்கள் எல்லாம் நாடு முழுக்க அந்த இரண்டு நாளும் திறந்திருக்கும், பலவற்றில் கட்டணமும் இல்லை. விழா என்று நீங்கள் தேடுவது கூட்டத்தையும் மேளத்தையும் அல்ல, திறந்த கதவுகளைத்தான் என்றால் ரயில் டிக்கெட்டை அந்தத் தேதிக்கே போடுங்கள். சில ஆண்டுகளில் ஆர்லின் நெல் ஃபெரியா அதற்கு முந்தைய வார இறுதியில் வரும், அந்த ஆண்டின் தேதியை மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு அறை எடுங்கள்.